வியாழன் பாயும் அணையாத விளக்கும்

வேங்கிக்காலில் ஒரு மனுவை நகலெடுக்கப் போய், வியாழன் கிரகத்தின் துருவ ஒளியைப் பற்றிக் கேட்காமல் திரும்பியவர் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே கிடையாது. முழுவதும் கேட்டுவிட்டுத் திரும்பியவரும் கிடையாது.

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே வியாழன் பாயின் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை. மனைவி காலமாகி, மகள் வாணியம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு அவருக்குத் துணை ஒரு பழைய கம்ப்யூட்டர். விண்வெளித் தொலைநோக்கிகள் எடுத்து அனுப்பும் படங்களை அதில் இறக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். வியாழனின் தலையில் துருவ ஒளி நீல வளையமாக ஒளிரும் படம் மட்டும் பெரிதாக அச்சாகிச் சுவரில் தொங்கியது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். கூட்டம் ஜாஸ்தி. உங்கள் ஆதார் அட்டை லேமினேஷன் மெஷினுக்குள் பாதி போனதும் பாய் ஆரம்பிப்பார். அந்த வளையத்துக்குள் நம் பூமியையே போட்டுவிடலாம். வியாழனின் நிலா ஒன்றில் எரிமலைகள் கக்குவது மின்னேறி வியாழனில் வந்து விழுந்துகொண்டே இருப்பதால், அந்த ஒளி அணைவதே இல்லை. அட்டை மறுபக்கம் வந்ததும் ஆள் போய்விடுவார். பாய் மெஷினின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். இரண்டு அட்டைகள் சுருண்டதுதான் மிச்சம். ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதில் மனுப் பைகள் உட்கார்ந்தன.

செய்தியாளனான நானும் அவசரம் என்று நழுவியவன்தான். "இன்னும் முடிக்கலயே சார்" என்பது முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

குருப்பெயர்ச்சி நெருங்கிய ஒரு திங்கட்கிழமை, நான் நகலுக்காகக் காத்திருந்தபோது, பட்டா மனுவோடு வந்த ஓர் அம்மாள் சுவரைப் பார்த்தார்.

"குரு பகவான்தான இது? பூஜை ரூமுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க பாய். மஞ்சளா."

குருவுக்கு உகந்த நிறம் மஞ்சள். பாய் அதிர்ந்துபோய், முதலில் விஷயத்தைக் கேளுங்கள் என்றார். அம்மாள் ஸ்டூலிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பூமி முடிந்தது, எரிமலை முடிந்தது; யாரும் எட்டாத கடைசிப் பகுதிக்கே பாய் போய்விட்டார். அது புற ஊதா ஒளி. மனிதக் கண்ணுக்குத் தெரியாது. நம் காற்று மண்டலமும் மறைத்துவிடும். அதனால்தான் தொலைநோக்கியை விண்ணில் வைத்தார்கள். நீலம், நாம் பார்ப்பதற்காக விஞ்ஞானிகள் கொடுத்த நிறம்.

அம்மாள் யோசித்தார். "நீலம் அவங்களா போட்டது. அப்ப நான் மஞ்சள் கேட்டா உங்களுக்கு இன்னா?"

இத்தனை வருடத்தில் பாயின் பாடம் புரிந்த முதல் ஆள். பாய் மஞ்சளில் அச்சடித்து, மெஷினை மெதுவாக்காமல் லேமினேட் செய்து கொடுத்தார்.

போகும்போது அம்மாள் கேட்டார். "நம்ம தீபத்த பாக்க லட்சம் பேரு வராங்க. அந்த வெளக்கு யாருக்கு எரியுது?"

"யாருக்கும் இல்லம்மா. சும்மா எரியுது."

"பாவம்" என்றார் அம்மாள்.

அதற்குப் பிறகு ஸ்டூலில் பை வைக்கப் பாய் யாரையும் விடவில்லை. பட்டா அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது, அந்தம்மா மறுபடியும் வருவார் என்று கணக்குப் போட்டிருந்தார். பட்டா கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

ஸ்டூல் காலியாகவே கிடப்பதைப் பல திங்கட்கிழமைகள் பார்த்துவிட்டு, ஒருநாள் நகலெடுக்க எதுவும் இல்லாமல் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"எத்தினி காப்பி சார்?"

காப்பி வேண்டாம், அந்த விளக்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மொதல்லேர்ந்தா?"

"மொதல்லேர்ந்து."

கடையை மூடிவிட்டுப் பாய் இப்போது வாணியம்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஸ்டூல் என்னிடம் இருக்கிறது. அதில் நான் பை வைப்பதில்லை.