யாராலும் மாற்ற முடியாத பட்டியல்

என் நைனாவின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது புயலுமில்லை, முகத்துவாரம் தூர்ந்ததுமில்லை. பெற்ற மகளாகிய நான்தான்.

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊர்க்காரர்கள் நினைத்த இடத்தில் இறால் வலை போட்டுவிட முடியாது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பெயர் வராதவருக்கு அந்தப் பருவம் முழுக்கத் தண்ணீரை வேடிக்கை பார்க்கும் வேலைதான்.

நான் அப்போதுதான் சென்னையில் பிளாக்செயினுக்கு நிரல் எழுதக் கற்றிருந்தேன். (கற்றது மூன்று மாதம், அலட்டியது முப்பது வருடத்துக்கு.) ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"குலுக்கல ஆப்பே பாத்துக்கும். பட்டியல் ஒரு கம்ப்யூட்டர்ல இருக்காது, ஒலகம் பூரா ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல இருக்கும். ஒரு தபா ஏத்திட்டா தலைவரு நெனச்சாலும் மாத்த முடியாது, நானே நெனச்சாலும் மாத்த முடியாது!"

நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலையே பக்கத்தில் உட்கார்ந்து ஊரார் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தட்டினேன், ஏற்றினேன்.

குலுக்கல் நாளன்று என் போனில் பெயர்கள் வரிசையாக வந்தன. கடைசிப் பெயரும் வந்து, ஊரே இடம் வாங்கி உட்கார்ந்த பிறகு நைனா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"என் பேரு எங்கம்மா?"

"நீ சொல்லவே இல்லியே நைனா!"

"என் பேரு உனுக்குத் தெரியாதா?"

ஊர்ப் பெயரெல்லாம் சொன்ன மனிதருக்குத் தன் பெயரைச் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் அடுப்பு அந்த வலையை நம்பித்தான் எரிந்தது.

"பரவால்ல தலைவரே, புதுசா வேற ஒண்ணு எழுதி ஏத்திடலாம்" என்றேன்.

ஊர்த்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ யாராலயும் மாத்த முடியாதுனு சொன்னது இன்னா பாப்பா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஏரியிலிருந்த பூநாரைகள் ஆந்திரா பக்கம் போயிருக்கும். தலைவர் நோட்டுத்தாளைக் கிழித்துச் சீட்டு எழுதினார். நைனாவின் சீட்டை மட்டும் எல்லோருக்கும் காட்டிவிட்டுச் சொம்பில் போட்டார். டீ ஆறுவதற்குள் நைனாவுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

என் பட்டியலை மட்டும் அழிக்க வழியில்லை. இன்றும் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். அம்மா பார்த்துவிட்டார். நைனா சாப்பிட உட்கார்ந்தால் இறால் தொக்குச் சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னிடம் கேட்பார்.

"ஒலகத்துல அத்தினி கம்ப்யூட்டரும் இப்புடி ஒரு ஆளே இல்லைனு சொல்லுது. இவருக்குச் சோறு போடலாமாடி?"

நைனா நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் சொல்வது போல முழுப் பெயரையும் சொல்வார். அப்புறம்தான் தொக்கு.