மாடிக் குடித்தனமும் பானுமதியின் காய்ச்சலும்

ஸ்ரீரங்கம்,
ஞாயிற்றுக்கிழமை

உப்பிலியபுரம் அற்புதசாமி சார் அவர்களுக்கு, தங்கள் மகள் பெலிண்டா குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரன் ரெங்கராஜ் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே தாங்களும் வீட்டம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே அந்த வார்த்தை புழக்கத்தில் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் கடிதம்.

தங்கள் மகள் இந்த மாதக் கடைசிக்குள் மாடியைக் காலி செய்ய வேண்டும். நல்ல பெண்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடிவரும்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டதற்கு "பயாலஜி, அங்கிள்" என்று முடித்துவிட்டாள், நானும் செடிகொடி என்று நினைத்துக்கொண்டேன், பார்த்தால் டைபாய்டு வகைக் கிருமியில் ஆராய்ச்சி! அவள் வந்த பிறகு முதலில் என் மனைவி ஆனந்தவள்ளிக்கு டைபாய்டு, அப்புறம் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு, இப்போது வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்த என் மகள் பானுமதி தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்காமல் கிடக்கிறாள். "குழந்தையோட துடிப்பு இப்போதைக்கு நல்லா இருக்கு" என்கிறார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு' காதில் விழுந்ததிலிருந்து நானும் ஆனந்தவள்ளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

போன வாரம் மாடிப்படியிலேயே பெலிண்டாவை மறித்தேன். "ஏம்மா, கிருமியைக் கையில கொண்டு வரியா, துணியில கொண்டு வரியா?" அவள் கோபப்படவில்லை, அதில் எனக்கு இன்னும் கோபம். "அங்கிள், எங்க லேப்ல இருக்கறது எலிக்குக் காய்ச்சல் குடுக்கற கிருமி. டைபாய்டுக்குப் பங்காளி" என்றாள். "பங்காளியை நம்பச் சொல்றியா?" என்றேன். படியில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். நம் வெள்ளை அணு கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைத்து அமிலத்தை ஊற்றுமாம், கிருமியோ அந்தப் புளிப்பு பட்டதும், ஓகோ உள்ளே வந்துவிட்டோம் என்று புரிந்துகொண்டு, அதுவரை செய்யாமல் வைத்திருந்த புரதங்களை அப்போதுதான் செய்யத் தொடங்குமாம், வெளியில் அவை வீண், உள்ளே அவைதான் உயிர், எதை எப்போது செய்வது என்று கிருமி எப்படி முடிவெடுக்கிறது என்பதுதான் இவள் ஆராய்ச்சியாம். நான் இடைமறித்தேன். "அப்ப என் பொண்ணு?"

"மருந்து கேக்கும் அங்கிள். ஆனா இது வீட்டுல யார்கிட்டயோ தங்கியிருக்கு. சிலருக்குக் காய்ச்சலே வராது, பித்தப்பைக்குள்ள வருஷக்கணக்கா பதுங்கியிருக்கும். எல்லாரும் மலம் டெஸ்ட் குடுத்துடுங்க."

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரான என்னிடம் குடித்தனக்காரப் பெண் சொல்கிற பேச்சா இது? டப்பாவில் என் பெயரை இனிஷியலோடு எழுதி வேறு ஒட்டிக் கொடுத்தாள். மஞ்சள் பையில் மறைத்து எடுத்துப்போனால், எதிரே வந்த மளிகைக்கடை ஹாலித் பாய், "என்ன சார், ஸ்வீட்டா? பேரன் பொறந்துட்டானா?" என்றார். நடுத்தெருவில் அழுதுவிட்டேன் சார். என் குடும்பத்தில் குற்றமில்லை என்று நிரூபிக்கத்தான் கொடுத்தேன். முடிவுக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கில்லை.

பெலிண்டாவுக்கு வேறு நல்ல வீடு அமைய எங்கள் அரங்கனும் தங்கள் மாதாவும் சேர்ந்து அருளட்டும்.

இப்படிக்கு,
ரெங்கராஜ்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை. முடிவு வந்துவிட்டது. கிருமி என்னிடம்தான் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல், அதில் ஒட்டிக்கொண்டு இது. எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. பெலிண்டா குடிவந்த சமயத்தில்தான் ஆனந்தவள்ளிக்கு முழங்கால் வலி வந்து சமையல் என் கைக்கு மாறியது. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசையாகத் தயிர்ப்பச்சடி கலந்து கொடுத்ததும் இந்தக் கைதான். பெலிண்டா எங்கும் போக வேண்டாம். பித்தப்பையைத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். இக்கடிதத்தைக் கிழிக்கப் போனேன், ஆனந்தவள்ளி பிடுங்கிக்கொண்டு, "அப்படியே அனுப்புங்க, அந்தப் பொண்ணோட அப்பா படிக்கட்டும்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பானுமதியின் கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவளே சொன்னாள்: "அழாதீங்கப்பா, காய்ச்சல் விட்டுடுச்சு. காலையிலேருந்து பிள்ளை உதைச்சுக்கிட்டே இருக்கு. உங்களைத்தான்னு நினைக்கறேன்."