மூன்றாம் படியில் சிவப்புக் கோடு

குளியலறைக் கதவு ஈரத்தில் மறுபடியும் உப்பிக்கொண்டது. ஊரார் பூட்டையெல்லாம் திறந்து கொடுக்கிற பூட்டு ரிப்பேர்க்காரர், சொந்த வீட்டுக் குளியலறைக்குள் சோப்பு நுரையோடு மாட்டிக்கொண்டார். மனைவி வெளியிலிருந்து இடித்துத் தள்ளித்தான் மீட்டாள். வந்ததும் வராததுமாகத் தீர்ப்பு சொல்லிவிட்டார். இனி இந்தப் புழுக்கத்தில் குடித்தனம் கிடையாது. கடல் வேறு வருஷா வருஷம் ஏறுகிறதாம், பேப்பரில் போட்டிருக்கிறான். மலைமேல் அண்ணன் வீட்டுப் பக்கமே போய்விடுவது.

அவள் சண்டைக்கு வருவாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவள் வரவில்லை.

"போலாங்க. கடல் ஏறுதுன்னு என் கண்ணால பாத்துட்டா, அன்னிக்கே மூட்டை கட்டிடறேன்."

இதென்ன பிரமாதம் என்று அன்று சாயங்காலமே கடையைச் சாத்தினார். படகுத்துறையில், மேலிருந்து மூன்றாம் படியில் சிவப்புப் பெயின்டால் கோடு போட்டார். தண்ணீர் இதைத் தாண்டினால் மலை.

மறுநாள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே. அடுத்த நாள் இன்னும் கீழே. தினமும் வந்து பார்த்தால்தானே தெரியும் என்றாள் அவள். நியாயமாகத்தான் பட்டது. கல்யாணமான நாளிலிருந்து கடற்கரைக்குக் கூப்பிட்டு அலுத்துப்போனவள் அவள். வேலை, முழங்கால் வலி என்று நழுவியே பழகியவர் அவர். இப்போது வெயில் தாழ்ந்ததும் அவரே செருப்பைத் தேடினார். கையில் கடலைப் பொட்டலம், எதிரே கடல், நடுவில் கடல் ஏறுமா ஏறாதா என்ற சண்டை. சண்டை ஓய்ந்ததும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். காற்றில் அவள் நெற்றி முடி பறப்பதை இத்தனை வருஷமாக அவர் கவனித்ததே இல்லை. அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு மாலை, தண்ணீர் கோட்டை முழுங்கியிருந்தது.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா?"

"ஆமாங்க, நீங்க சொன்னதுதான் சரி. காலைல மூட்டை கட்டிடலாம்." கடைசிக் கடலையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "மலையில சாயங்காலம் ஆனா நாம எங்க போய் உக்காருவோம்?"

அவர் யோசித்துப் பார்த்தார். எதிரே கடலுக்குப் பதில் அண்ணன் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. மென்றதை முழுங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கோட்டை அன்னிக்கு அவசரத்துல கொஞ்சம் கீழ போட்டுட்டேன். ரெண்டாம் படியில போட்டிருக்கணும். நாளைக்குப் பெயின்ட் எடுத்துட்டு வரேன்."

"நாளைக்கு எதுக்கு?" அவள் பைக்குள் கையை விட்டு டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து நீட்டினாள். "மொத நாள்லேருந்து இதைத் தூக்கிட்டுதான் வரேன்."