இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா: மச்சானுக்கு என் முடிவு

அன்புள்ள மச்சானுக்கு, உன் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இவ்விடம் கரண்டைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அவ்விடம் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. இன்வெர்ட்டர் ஒன்று, ஜெனரேட்டர் ஒன்று அனுப்பி வைத்து, "ஓட்டிப் பார்த்து ஒன்னை வெச்சுக்குங்க, இன்னொன்னை ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்" என்று சொன்னாய். ஒயரிங் வேலை பார்க்கிற உனக்கு அது சின்ன விஷயம். இங்கே உன் அக்கா, குஞ்சு பொரிக்கிற கரண்ட் பெட்டியில ஒரு டஜன் முட்டை வெச்சிருக்கா. போன தடவை கரண்ட் போய் அத்தனையும் ஆறி வீணாப்போச்சு. "இந்தத் தடவையும் போச்சுன்னா நான் தம்பி வீட்டுக்கே போயிடுவேன், ஒரேயடியா"ன்னு சொல்லிட்டா. அதனால இது உன் பிரச்சினையும்தான், யோசிச்சுக்கோ.

முதல்ல ஜெனரேட்டரை அட்டைப்பெட்டியிலேர்ந்து எடுத்துக் கொல்லையில வெச்சுக் கயித்தை இழுத்தேன். அது போட்ட சத்தத்துல எங்க அப்பா எழுந்து ஓடி வந்து, "டேய், எனக்குக் காது கேக்குதுடா"ன்னார். அவருக்கு அவ்ளோ சந்தோஷம், அதை விட்டு நகரவே மாட்டேங்கறார். இதுக்குள்ள காலி அட்டைப்பெட்டியில நம்ம கறுப்புக் கோழி போய் அடைக்கு உட்கார்ந்துக்கிச்சு. உன் அக்கா முட்டை வெச்சுக் கெஞ்சினப்போ திரும்பிக்கூடப் பார்க்காத கோழி, இப்போ வெறும் அட்டையை அடைகாக்குது. பெட்டியை உன்கிட்ட திருப்பித் தரணுமேன்னு விரட்டினா கையைக் கொத்துது. சரி, கோழிக் கதை கிடக்கட்டும்.

இன்வெர்ட்டர் மூச்சே விடலை. அதான் எனக்குச் சந்தேகம். அவ்ளோ கரண்டும் பேட்டரிக்குள்ள எங்கே உட்கார்ந்திருக்கும்? காதை வெச்சுக் கேட்டேன், ஒன்னும் இல்லை. சார்ஜ் ஏத்துறதுக்கு முன்னாடி பழைய பேப்பர்க்காரர் தராசுல ஒரு தடவை எடை போட்டேன். இன்னைக்குக் காலையில, சார்ஜ் நிறைஞ்சதும் கழட்டி எடுத்துப் போய் இன்னொரு தடவை போட்டேன். ஒரே எடை. பேப்பர்க்காரர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "கனமே இல்லாத சாமானுக்கு எதை வெச்சுண்ணே பில்லு போடறாங்க?"ன்னார். நீ வந்து அவருக்குச் சொல்லு.

ஆக, யோசிச்சுப் பார்த்து இன்வெர்ட்டர்தான்னு முடிவு பண்ணியாச்சு. அதுல முட்டைப் பெட்டியைத் தவிர வேற எதையும் சொருகக் கூடாதுன்னு உன் அக்கா உத்தரவு. ஞாயித்துக்கிழமை வந்து ஜெனரேட்டரை எடுத்துட்டுப் போ. அப்பாகிட்ட நீயே பேசிக்கோ.

உங்க வீட்டு விளக்கு என்னைக்கும் அணையாம எல்லாரும் நல்லா இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போறப்போ கரண்ட் போச்சு. இன்வெர்ட்டர் வேலை செய்யலை. காலையில எடை போட்டுக் கொண்டுவந்து வெச்சவன், வயரை மாட்டலை. எது எங்கேன்னும் ஞாபகம் இல்லை. ஜெனரேட்டர்கிட்ட ஓடினா, அப்பா சத்தம் கேட்டுக் கேட்டே பெட்ரோலைத் தீர்த்து வெச்சிருக்கார். உன் அக்கா முட்டையை எல்லாம் மடியில கட்டிக்கிட்டுப் போய், அட்டைப்பெட்டியில கோழிக்கு அடியில ஒவ்வொன்னா தள்ளினா. அது இறக்கையை விரிச்சு அத்தனையும் உள்ளே இழுத்துக்கிச்சு. அதனால ரெண்டையுமே எடுத்துட்டுப் போ, பெட்டியை மட்டும் கேக்காதே. இத்தனூண்டு கோழிக்குள்ள அவ்ளோ சூடு எங்கேர்ந்து வருதுன்னு பார்க்கக் கிட்டப் போனேன்.

"இதையாவது தூக்கி எடை போடாதீங்க"ன்னா உன் அக்கா.