பொன்னுரங்கம் வீட்டு முகப்பு மூச்சுவிட்ட கதை

பொழிச்சலூரில் பொன்னுரங்கத்தின் வீட்டு முகப்பை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. வழவழவென்று கிரானைட், ஆளை மிரட்டும் இரண்டு தூண், கார் நிற்க இடம், செருப்பு நிற்கத் தனி இடம். அப்பன் பாட்டன் நெல் விளைவித்த நிலத்தை மனை போட்டு விற்று, அவர் ஆசையாகக் கட்டிய வீடு.

எதிர்வீட்டு தசரதன் கேட்டில் ஒரு பச்சைப் பலகை ஏறியதும் அந்தப் பெருமை போயிற்று. 'இயற்கை நேய முகப்பு, இரண்டாம் நிலை' என்றது பலகை. வழங்கியது பசுமை முகப்பு மேம்பாட்டுப் பிரிவு என்ற புத்தம்புது அலுவலகம். மகள் ஓவியாவைப் பெண் பார்க்கச் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஆட்கள் வரப்போகிற நேரம். எதிர்வீட்டில் பலகை தொங்க, தன் வீட்டு கேட் மொட்டையாக நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அன்றே மனுக் கொடுத்தார்.

ஸ்ரீநிவாசராகவன் என்ற அதிகாரி கள ஆய்வுக்கு வந்தார். ஏ.சி. குளிர்ச்சி குறையக் கூடாதென்று ஜீப் இன்ஜினை ஓடவிட்டபடியே நிறுத்திவிட்டு, குனிந்து கிரானைட்டில் காதை வைத்தார்.

"முகப்பு மூச்சு விடலையே சார்."

"இன்னா பண்ணணும் சார்?"

"மண் வெளியே தெரியணும். மழைத் தண்ணி உள்ளே இறங்கணும்."

கிரானைட்டைப் பெயர்த்தார்கள். பெயர்த்ததை லாரியில் ஏற்றிப்போய் வண்டலூர் பக்கம் ஓர் ஏரியில் கொட்டினார்கள். ஏரி வேறு பிரிவின் கவலை.

மண் மூச்சுவிட்டது. அடுத்த வருகையில், பறவைகளுக்கு ஒரு தொட்டி தண்ணீர் வைக்கச் சொன்னார் அதிகாரி. பறவை வரவில்லை, கொசு வந்தது.

"கொசு மருந்து அடிச்சுக்கலாமா சார்?" என்று முழங்கையைச் சொறிந்துகொண்டே கேட்டாள் பொன்னுரங்கத்தின் மனைவி கிளியம்மாள்.

"கூடவே கூடாதும்மா. இயற்கைக்கு இயற்கைதான் பதில். தவளை விடுங்க."

விட்டார்கள். கொசு குறைந்ததா என்பதில் வீட்டுக்குள் இரண்டு கருத்து உண்டு. தவளை பெருகியதில் கருத்து வேறுபாடு இல்லை. தவளை வாசனை பிடித்து, ஒரு மழை மத்தியானத்தில் ஆள் நீளத்துக்குச் சாரைப்பாம்பு ஒன்று வந்து தூணோரம் சுருண்டு படுத்தது.

கிளியம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். பொன்னுரங்கம் போனை எடுத்தார். ஓடி வந்த ஸ்ரீநிவாசராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரும் கை வெச்சுடாதீங்க. தண்ணி, கொசு, தவளை, பாம்பு. உணவுச் சங்கிலி முழுமையடைஞ்சிருக்கு. என் சர்வீஸ்ல இதான் முதல் தடவை."

"அந்தச் சங்கிலில நாங்க எங்க சார் கீறோம்?" என்றாள் கிளியம்மாள்.

"நீங்க கொல்லைப்பக்கம்மா."

மறுநாள் ஆணை வந்தது. மேற்படி முகப்பில் மேற்படி பாம்பு வசித்து வருவதை முன்னிட்டு, மேற்படி வீட்டார் முன்வாசலைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். கேட்டில் முதல் நிலைப் பலகை ஏறியது. பொன்னுரங்கம் அதை வீட்டோரச் சந்து முனையிலிருந்து எட்டிப் பார்த்துப் பூரித்தார்.

பெண் பார்க்க வந்தவர்கள் அதே சந்து வழியாக வந்து, கொடியில் தொங்கிய ஈரத் துணிக்குக் குனிந்து, காலி சிலிண்டரைத் தாண்டி, அடுப்படிக்குள் புகுந்து ஹாலுக்கு வந்தார்கள். கிளியம்மாளுக்கு மானம் போயிற்று. மாப்பிள்ளையின் அப்பா ரத்தினம் ஜன்னல் வழியாக முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று பொன்னுரங்கம் முடிவுகட்டிய நேரத்தில் ரத்தினம் வாயைத் திறந்தார்.

"ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தாங்க. தானா வந்துச்சு."

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றார் ரத்தினம். ஓவியா அப்போதுதான் பஜ்ஜித் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். "நகை நட்டெல்லாம் கேக்கமாட்டோம் சம்பந்தி. எங்க வூட்டு முகப்புக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சிடுங்க. கம்பெனிங்க வந்தப்புறம் எங்க பக்கம் பாம்பே இல்ல."

"நகையாவே கேட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்தாள் கிளியம்மாள்.

பாம்பைப் பிடித்தால் குற்றம். விலைக்கு வாங்கினாலும் குற்றம். பொன்னுரங்கம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கால் வலிக்க அலைந்து, ஒரு பிளாஸ்டிக் பாம்பை வாங்கி, சம்பந்தி வீட்டு முகப்பில் சுருட்டி வைத்தார். அங்கும் ஆய்வுக்கு வந்தது ஸ்ரீநிவாசராகவன்தான். வந்தவர் பாம்பை விரலால் தட்டினார். டொக்கென்றது.

"பிளாஸ்டிக்கா?"

"ஆமா சார்" என்றார் பொன்னுரங்கம். கல்யாணம் கண்முன்னே கலைந்துகொண்டிருந்தது.

அதிகாரி பாம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி தேவையில்லை. கொசு வராது. தவளை சாகாது. வெயில், மழை எதுக்கும் அசையாது. நானூறு வருஷம் ஆனாலும் மக்காது. நீடித்த நிலைத்தன்மைன்னு நாங்க தேடிக்கிட்டிருக்கிறது இதைத்தான் சார்." ரத்தினத்துக்குச் சிறப்பு நிலைப் பலகை கிடைத்தது.

"அப்போ என் பாம்பு?"

"உங்களது எப்ப வேணா ஊர்ந்து போயிடும். அதை நம்பி முதல் நிலை கொடுத்தது எங்க தப்பு."

அடுத்த வெள்ளிக்கிழமை சந்தையில் அந்தப் பிளாஸ்டிக் பாம்புக் கடை முன்னால் தாம்பரமே வரிசையில் நின்றது. பொன்னுரங்கம் நடுவில் நின்றார். பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால், பாம்பை எடுத்துப்போக எல்லோரும் பொறுப்பாகத் துணிப்பை கொண்டுவந்திருந்தார்கள்.