மலையில் ஒட்டிய இருபத்துமூன்று கடிதங்கள்

மதிப்பிற்குரிய மசனோபு அண்ணா அவர்களுக்கு,

தம்பி கியோஹிதே தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இங்கே மேப்பிள் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கிவிட்டன. யொகோஹாமாவில் குளிர் எப்படி, தங்கள் மூட்டுவலி தேவலையா? வீட்டில் என் கினுயோ நலம். மூன்று நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை என்பதால் இதையும் நான் ஊகித்துத்தான் எழுதுகிறேன்.

தங்களிடம் மன்னிப்புக் கேட்கவே இக்கடிதம். எதற்கு என்பதைச் சொல்வதற்கு முன், நான் எந்த நிலைமையில் அதைச் செய்தேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். குடிநீர்த் துறையில் முப்பத்தெட்டு வருஷம் மீட்டர் பார்த்தவன், போன வசந்தத்தில் வீட்டோடு வந்து உட்கார்ந்தேன். கினுயோ பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று எத்தனை லிட்டர் போகிறதென்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாவது நாள், "என்னங்க, ஒண்ணு நீங்க வெளியே போங்க, இல்லே நான் போறேன்"னு சொல்லிட்டா. ஊர்ப் பொதுமன்றத்துல போய்க் கேட்டா எழுத்துக்கலை வகுப்பு நிரம்பிடுச்சு, பொன்சாய் வகுப்புல என் கண்ணு முன்னாடியே ஒரு மரம் செத்துப்போச்சு, மிச்சம் இருந்தது காகிதத்தைக் கிழிச்சு ஒட்டிப் படம் பண்ற வகுப்பு ஒண்ணுதான். பதினோரு பெண்கள், நடுவுல நான். ஓபாத்தா டீச்சர் முதல் நாளே என் படத்தைப் பார்த்துட்டு, "கடைக் காகிதம் வேண்டாம் சார், பழைய கைக்காகிதமா கொண்டு வாங்க, கிழிச்சா ஓரத்துல பஞ்சு மாதிரி நார் எழும்பணும்"னாங்க. அப்போதான், அண்ணா, நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி பரண்ல வச்சிட்டுப் போன பிஸ்கட் டின் ஞாபகம் வந்துது.

திறந்தேன். வெள்ளையும் இளநீலமுமா இருபத்துமூணு தாள். கையில எடுத்தாலே தெரியுது, உயர்ந்த சரக்கு. எல்லாத்துலயும் தூரிகையை எடுக்காம இழுத்து எழுதின கூட்டெழுத்து. எனக்குக் கூட்டெழுத்துன்னா மண்புழு ஊர்ந்த தடம்தான், உங்களுக்கே தெரியும். அம்மாவோட பழைய சமையல் குறிப்புன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். இல்லே, பாதிதான் அப்படி நினைச்சேன். மீதிப் பாதிக்கு யோசிக்கவே இல்லை, ஏன்னா முதல் தாளைக் கிழிச்ச உடனே ஓரத்துல அப்படியே பனி மாதிரி நார் எழும்பிச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஒரு போன். கேட்கலை. இருபத்துமூணையும் கிழிச்சு, நம்ம ஹகுசான் மலையைப் பண்ணினேன். டீச்சர் மையெழுத்தைக்கூட மறைக்க வேண்டாம், பாறை வெடிப்பு மாதிரி அழகா இருக்குன்னாங்க. அறுபத்தெட்டு வயசுல முதல் தடவையா என் கை பண்ணின ஒண்ணை ஒருத்தர் அழகுன்னு சொன்னாங்க, அண்ணா. அதை ஒரு சமாதானமாச் சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்.

கலைவிழாவுல என் மலைக்கு இரண்டாம் பரிசு. பூ அலங்காரத்துக்கும் தேநீர் அறைக்கும் நல்ல இடம் குடுத்துட்டு எங்களைச் செருப்பு அலமாரி பக்கத்துல மாட்டியிருந்தாங்க, அதனால உள்ளே வர்றவங்க எல்லாரும் குனிஞ்சு நிமிர்ந்தா என் மலைதான். வாசல்ல மிசாவோ அக்கா கூழ்த் தொட்டி வச்சு வந்தவங்களுக்குக் காகிதம் வார்த்துக் காட்டிட்டிருந்தாங்க. காகித ஆலைக்கார வீட்டு மிசாவோதான். இப்போ ஆலையை மகன் பார்த்துக்கறான், வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆச்சு. ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே உள்ளே வந்தவங்க, படத்து முன்னாடி நின்னாங்க. நின்னாங்க, நின்னாங்க, அப்புறம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு மலையை உச்சியிலேருந்து படிக்க ஆரம்பிச்சாங்க.

"'மழை விட்டதும் பாலத்துக்கு...' இது எங்க ஆலைக் காகிதம்."

"ஆமாக்கா, நல்ல தாள்"னேன், பெருமையா.

"இது என் கையெழுத்து."

அதுக்குள்ள பின்னாடி கூட்டம். எழுத்துக்கலை வாத்தியார் வேற வந்து, கூட்டெழுத்தைக் கண்டா விடாத மனுஷன், பனிச்சரிவுல இருந்த பெரிய துண்டைச் சத்தமா வாசிச்சார்: "'உங்கள் தம்பி நேற்றும் பாலத்தில் வந்து ஆடு மாதிரி முழித்துக்கொண்டு நின்றான், அவனை எப்படித்தான் கழற்றிவிடுவது?'" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம்தான் அந்தத் தம்பி யாருன்னு உறைச்சுது.

மிசாவோ அக்கா சிரிக்கலை. செருப்பு மாத்தற பெஞ்சுல உட்கார்ந்துட்டாங்க. "கியோத் தம்பி, எத்தனை தாள் இருந்துச்சு?"

"இருபத்துமூணுக்கா."

"நான் எழுதினது இருபத்துமூணுதான்." மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மடிச்சாங்க. "ஒண்ணுக்கும் பதில் வரலை. அடுப்புல போட்டிருப்பார்னு நினைச்சேன், ஐம்பது வருஷமா. ஒண்ணு விடாம வச்சிருந்தாரா?"

"வச்சிருந்தார்க்கா. நான்தான்..."

"அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லாதே"ன்னு என்கிட்ட வாக்கு வாங்கிட்டு எழுந்து போய்ட்டாங்க. திரும்பவும் தொட்டி முன்னாடி நின்னு ஒரு குழந்தைக்குக் காகிதம் வார்க்கச் சொல்லிக் குடுத்தாங்க. குரல்ல ஒரு மாத்தமும் இல்லை. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

திருப்பிக் குடுத்துடலாம்னு தோணிச்சு. படத்தைக் கழட்டிக்கிட்டுத் தேநீர் அறைக்கு ஓடி, கெட்டில் ஆவியில காட்டினேன், பசை இளகும்னு. பசை இளகலை, மலை இளகிச்சு. மை வழிஞ்சு விருந்தாளி கிண்ணத்துல சொட்டிச்சு. தேநீர் அறை அம்மா என்னை வெளியே போன்னு சொன்னது வாசல் வரைக்கும் கேட்டிருக்கு. ஒரே ஒரு துண்டு தப்பிச்சுது, உள்ளங்கை அகலம். அதை இத்துடன் இணைத்துள்ளேன். "காத்திருக்கிறேன்" என்று எழுதியிருப்பதாக வாத்தியார் சொன்னார்.

அண்ணா, தாங்கள் ஏன் பதில் எழுதவில்லை, ஏன் எறியாமல் வைத்திருந்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கேட்கும் தகுதியைக் கிழித்து ஒட்டிவிட்டேன். அண்ணி தவறி மூன்று வருஷம் ஆகிறது. தனியே இருக்கும் தாங்கள் என்றாவது ஒருநாள் அந்த டின்னைக் கேட்டு எழுதியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை. மிசாவோ அக்காவிடம் வாக்குக் கொடுத்திருப்பதால், தாங்கள் இதை அறியாதவராகவே இருக்க வேண்டும். தயவுசெய்து அவர்களுக்கு எழுதவோ பேசவோ வேண்டாம். இந்த விஷயம் நம்மோடு புதைந்து போகட்டும்.

தங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் அன்பு. உலர்த்திய பெர்சிமன் பழம் தனிப் பார்சலில் வருகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்கத்துடன் வணங்கும்,
கியோஹிதே

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மிசாவோ அக்கா வந்தாங்க. உங்க விலாசம் கேட்டாங்க. "தர முடியாதுக்கா, அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு நான் உறுதியா நின்னேன். கினுயோ உள்ளேருந்து விலாசத்தையும் ரயில் நேரத்தையும் எழுதிக்கிட்டே வந்தா. கலைவிழா அன்னைக்கு மூடின வாயை மூணு நாள் கழிச்சு அவ திறந்ததே அதுக்குத்தான்: "ஞாயித்துக்கிழமை காலையில போனீங்கன்னா மத்தியானம் சேர்ந்துடலாம் அக்கா." அதனால மேலே எழுதினதை எல்லாம் விட்டுடுங்க. சனிக்கிழமையே முகச்சவரம் பண்ணிடுங்க. அவங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்பாங்களாம், ஏன் பதில் எழுதலைன்னு. என்ன சொல்வீங்களோ தெரியாது. எதுவானாலும் நேர்ல வாயால சொல்லிடுங்க அண்ணா, காகிதத்துல மட்டும் எழுதிடாதீங்க.