ஆண்டவருக்கு எழுதியாச்சு

சபைக்குப் போய் வருகிறவர்களுக்குச் சில இனங்கள் பழக்கமானவை. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுகிறவர், ஜெபத்தின்போது யாரெல்லாம் கண்ணைத் திறந்திருக்கிறார்கள் என்று கண்ணைத் திறந்து பார்த்துக் கணக்கெடுக்கிறவர், ஆராதனை முடிந்ததும் குடையைத் தேடுகிற சாக்கில் பத்து வீட்டுச் சங்கதியைத் தேடி எடுக்கிறவர். இவர்களெல்லாம் பழைய சரக்கு. இப்போது புதிதாக ஒரு இனம் பரவிக்கொண்டிருக்கிறது. ஜெப டைரிக்காரர்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். கையில் வேதம் இருக்கும்; அதன்மேல் அதைவிட ஒரு விரற்கடை தடிமனாக, தோல் அட்டை போட்டு, நடுவில் பட்டு நாடா தொங்க, ஒரு டைரி இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. பச்சை நன்றிக்கு, நீலம் விண்ணப்பத்துக்கு, சிவப்பு பயத்துக்கு. சந்தேகங்களை மட்டும் பென்சிலால் எழுதுவார். பின்னால் அழித்துக்கொள்ளலாம் அல்லவா?

"பல்வலின்னு சொன்னீங்களே, டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "எழுதியிருக்கேன் பிரதர்" என்பார். "தம்பியோட சண்டைன்னீங்களே, பேசினீங்களா?" "அதுக்குத் தனியா ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கேன்." அவருடைய பல்லும் தம்பியும் அந்த டைரிக்குள் பத்திரமாக இருப்பார்கள். வெளியே பல் ஆடிக்கொண்டிருக்கும்.

எழுதுவது தப்பா என்று சண்டைக்கு வராதீர்கள். மனசுக்குள் உருண்டுகொண்டிருப்பதை ஆண்டவர் முன்னால் கொட்டிவைப்பது நல்ல பழக்கம்தான். என் அக்காகூட எழுதுகிறவள்தான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதுவாள், கண்ணை மூடுவாள், எழுந்து போய் அந்த வேலையை முடிப்பாள், தாளைக் கசக்கிக் குப்பையில் போடுவாள். அவள் இந்த இனத்தில் சேரமாட்டாள். அவளுடைய கணவர், அதாவது என் அத்தான், சேருவார். சேருவார் என்ன, எங்கள் சபையில் இந்த இனத்தின் ஸ்தாபகரே அவர்தான்.

அத்தான் ஒரு அச்சகத்தில் ஸ்டோர் சூப்பர்வைசர். கீழ்த்தளத்தில் தாள் கட்டுகள் அவர் பொறுப்பு. மேல்தளத்தில் பைண்டிங். இரண்டுக்கும் நடுவே ஒரு சரக்கு லிஃப்ட், மடக்குக் கம்பிக் கதவு போட்டது. லிஃப்ட் அந்தத் தளத்துக்கு வந்து நின்றால்தான் அந்தக் கதவு திறக்க வேண்டும். ஒரு நாள் மேல்தளத்தில் அத்தான் பேச்சு வாக்கில் கதவை இழுத்தார். திறந்துகொண்டது. உள்ளே லிஃப்ட் இல்லை. எண்ணெய் வடியும் இரும்புக் கயிறும், கீழே இருட்டும்தான் இருந்தன. பூட்டு தேய்ந்து போயிருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மேனேஜரிடம் ஓடியிருப்பீர்கள். அத்தானும் ஓடினார். மேனேஜர் அறை வாசல்வரை ஓடினார். உள்ளே மேனேஜர் யாரையோ போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். அந்த லிஃப்டைப் பேரம் பேசி வாங்கிப் போட்டது அவர்தான். அதைப் பற்றி முன்பு ஏதோ சொல்லப்போன மெஷின்காரரை, "உனக்கு மாடிப்படி ஏற உடம்பு வணங்கலைன்னா வீட்ல இரு" என்று எல்லோர் முன்னாலும் கிழித்திருக்கிறார். அத்தான் வாசலிலேயே நின்றார். தொண்டையைச் செருமினார். திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சிவப்புப் பேனா மேசைக்கு வந்தது. "ஆண்டவரே, மேனேஜருக்கு முன்னால் என் வாயைத் திறந்தருளும். என் பயத்தை உம் பாதத்தில் வைக்கிறேன்." அழகான கையெழுத்து. ஓரத்தில் ஒரு சின்னச் சிங்கம்கூட வரைந்திருந்தார். பென்சிலால் கீழே ஒரு வரி: "ஒருவேளை நான் சரியாகப் பார்க்கவில்லையோ?"

அன்று சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"லிஃப்ட் விஷயம் சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"மேனேஜர்கிட்ட இல்ல. ஆண்டவர்கிட்ட."

"ஆண்டவரா வந்து பூட்டு மாத்துவாரு?"

"நீ விசுவாசம் இல்லாமப் பேசுற."

"சரி, அதை விடுங்க. ஒரு அட்டையில 'கதவைத் திறக்காதீங்க'ன்னு எழுதிக் கம்பியில கட்டிடுங்க. எழுதறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே."

"மேனேஜர் அனுமதி இல்லாம எப்படிக் கட்றது?"

அக்கா ஒரு போர்வையை உதறினாள். உதறிய வேகத்தில் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

அத்தான் தினமும் எழுதினார். எழுத எழுத ஒரு அதிசயம் நடந்தது. அவருக்குப் பயம் போய்விட்டது! இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே போய்விட்டது. சாப்பாடு இறங்கியது. லிஃப்டைக் கடந்து போகும்போது கால் கூசவில்லை. அவருக்குள் இருந்துகொண்டு, போய்ச் சொல்லுடா, போய்ச் சொல்லுடா என்று அவரைக் குத்திக்கொண்டிருந்த ஒரே ஆள் அந்தப் பயம்தான். அந்த ஆளையும் எழுதியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அப்புறம் மேனேஜரிடம் போக என்ன அவசரம்?

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தார். "என் வேலை ஸ்தலத்துல ஒரு பெரிய பயம் இருந்துச்சு. எழுதினேன். இப்போ இல்ல!" என்றார். சபை ஸ்தோத்திரம் என்று முழங்கியது. என்ன பயம், ஏன் பயம், அந்த விஷயம் என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டார்களா? சாட்சியில் குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. பாஸ்டர் மேடையை விட்டு இறங்கி வந்து கைகுலுக்கினார். அடுத்த வாரமே, "பயத்தையும் சந்தேகத்தையும் எழுதி ஜெயிப்பது எப்படி?" என்ற வகுப்பு ஆரம்பமாகிவிட்டது. நடத்துகிறவர் அத்தான். தையல்காரர், டீச்சர், ரிட்டயர்டான தபால்காரர், கல்யாணத்துக்குப் பயந்த ஒரு எஞ்சினியர் என்று வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். எல்லோர் மடியிலும் புது டைரி. பக்கத்துக் கடையில் சிவப்புப் பேனா தீர்ந்துபோய்விட்டது.

"பயத்தை எழுதும்போது பேரைப் போட்டு எழுதணுமா பிரதர், பொதுவா எழுதணுமா?" என்று தபால்காரர் கேட்டார்.

"பொதுவா எழுதினா மனசு சீக்கிரம் லேசாகும்" என்றார் அத்தான், அனுபவஸ்தர்.

இப்படி ஊரெல்லாம் லேசாகிக்கொண்டிருந்தபோது, அச்சகத்தில் அந்தப் பூட்டும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் தேய்ந்துகொண்டிருந்தது.

பைண்டிங்கில் ஒரு பெண் வேலை செய்தார். எல்லோருக்கும் அவர் பைண்டிங் அக்கா. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் உரத்துப்போனவர். ஊசியும் நூலும் பிடித்தால் கையைக் கண்ணால் தொடர முடியாது. தைத்து முடித்த புத்தகக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஒரு மத்தியானம், பின்னால் திரும்பி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே, ஒரு கையால் லிஃப்ட் கதவை இழுத்துவிட்டு வண்டியைத் தள்ளினார். முன்சக்கரம் அந்தரத்தில் இறங்கியது. வண்டி அவரையும் இழுத்தது. பிடியை விட்டார். விட்டும், வலது கை கதவுச் சட்டத்தில் மாட்டி முறிந்தது. வண்டி புத்தகங்களோடு கீழே போய் விழுந்த சத்தத்தில் அச்சு மெஷின்கள் எல்லாம் நின்றன.

ஸ்டோரிலிருந்து முதலில் மேலே ஓடிப்போனது அத்தான்தான். குழியின் விளிம்பில் மண்டியிட்டபடி, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் கத்தாமல் உட்கார்ந்திருந்தார். கத்தாததுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மேனேஜர் எல்லோரையும் நிறுத்திவைத்துக் கேட்டார். "இந்தப் பூட்டு இப்படி இருக்குன்னு யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

அத்தான் தரையைப் பார்த்தார். தரை சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே மேசைக்குப் போனார். பச்சைப் பேனாவை எடுத்தார். ஆம், பச்சை. நன்றி! உயிர் தப்பியது அற்புதம் அல்லவா? அக்கா பின்னால் வந்து நின்று அந்த முதல் வரியைப் படித்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்; போயிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

"யாருக்கு நன்றி எழுதறீங்க?"

"உயிரோட காப்பாத்தினாருல்ல?"

"காப்பாத்தறதுக்குத்தான் உங்களை அன்னைக்கு அந்தக் கதவை இழுக்க வச்சாரு. உங்களுக்குக் காட்டினாரு. நீங்க அதையே திருப்பி அவருக்கு எழுதிக் காட்டிட்டு இருந்தீங்க. அவருக்குத் தெரியாமலா உங்ககிட்ட காட்டினாரு?"

அத்தான் பேனாவை மூடினார். அதன் மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். "நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார், சின்னக் குரலில்.

"ஜெபம் பண்ணிட்டுப் போங்க. எழுதிட்டுப் போகாதீங்க" என்றாள் அக்கா.

மறுநாள் அவர் நிஜமாகவே போனார். மேனேஜர் அறை வாசலில் தொண்டையைச் செருமாமலே உள்ளே நுழைந்துவிட்டார்.

"சார், அந்தப் பூட்டு எனக்குத் தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்து."

"மழை முடிஞ்சே போச்சேய்யா! ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு சார்."

"எதுக்கு?"

"நீங்க கத்துவீங்கன்னு."

மேனேஜர் கத்தினார். குறை வைக்காமல் கத்தினார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்தவர்கள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அத்தானுக்குக் காது சிவந்தது. அவ்வளவுதான். இத்தனை சிவப்பு மையும் செலவானது இதற்குத்தான். கத்தி முடித்த மேனேஜர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார், போனை எடுத்தார், லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்த ஆள் சாயங்காலத்துக்குள் வந்து, கட்டைவிரல் அளவு இரும்புத் துண்டு ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பைண்டிங் அக்கா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். விரல்கள் வீங்கியிருந்தன. பழையபடி ஊசி பிடிக்க வருமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லையாம். அத்தான் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பார்த்தது, பயந்தது, மேனேஜர் வாசலில் திரும்பியது, தினமும் எழுதியது.

அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார். பிறகு கேட்டார்: "மேனேஜர்கிட்ட சொல்லப் பயம், சரி. என்கிட்ட சொல்றதுக்கு என்ன பயம் தம்பி? 'அக்கா, அந்தக் கதவுகிட்ட பார்த்துப் போங்க'ன்னு ஒரு வார்த்தை. நான் என்ன, கத்தவா போறேன்?"

அத்தானுக்கு அப்படி ஒரு வழி இருந்ததே தோன்றியிருக்கவில்லை. இத்தனை பக்கத்திலும் ஆண்டவர் இருந்தார், மேனேஜர் இருந்தார், அத்தான் இருந்தார், ஓரத்தில் ஒரு சிங்கம்கூட இருந்தது. அந்த லிஃப்டில் தினமும் வண்டி தள்ளுகிறவர் ஒரு வரியில்கூட இல்லை. அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அழாதீங்க, நர்ஸ் வந்தா என்னைத்தான் திட்டுவாங்க" என்றார் பைண்டிங் அக்கா, உரத்த குரலில். மன்னித்துவிட்டதாக அவர் சொல்லவில்லை.

அடுத்த வகுப்பில் அத்தான் எழுந்து நின்று எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார். சாட்சிக்குரிய குரலை விட்டுவிட்டுச் சாதாரணமாகப் பேசினார். "எனக்குப் பயம் போயிடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன். பயம் போச்சு. ஆபத்து போகல. நான் எழுதி எழுதி என்னை மட்டும் தேத்திக்கிட்டேன். யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லல. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. எழுதினா, எழுந்து போங்க" என்றார்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நெஞ்சில் தைத்துவிட்டது போலிருக்கிறது, அழுகிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

எழுதிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் உட்பட.

"என்ன ஒரு ஆழமான வெளிப்பாடு! எல்லாரும் குறிச்சுக்கிட்டீங்களா?" என்றார் பாஸ்டர். டீச்சர் கையைத் தூக்கினார். "பிரதர், அந்தக் கடைசி வரியை மறுபடி சொல்றீங்களா? 'எழுதினா'வுக்கு அப்புறம் விட்டுப்போச்சு."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நான் சபைக்கே போகிறவன் இல்லை, டைரியும் வைத்துக்கொள்வதில்லை, இதில் எனக்கென்ன என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒருவரிடம் நேரே சொல்ல வேண்டிய ஒன்றை அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும், நண்பரிடம், மனைவியிடம், கூட வேலை பார்ப்பவரிடம், குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லித் தீர்த்துவிட்டு, அப்பாடா என்று நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போனதே இல்லையா? இதைப் படிக்கும்போதே ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்குமே? "இதை அவருக்கு அனுப்பிவைத்தால் ஜாடையாகப் புரிந்துகொள்வார்" என்று இந்த நிமிஷம் யோசிக்கிறீர்களே?

நேரில் போய்ச் சொல்லிவிடுங்களேன். என்ன, பயமா?